இனியனுக்கு மட்டும் நோ பால்

இனியனை அந்தப் பள்ளிக்கூடத்தில் யாராலும் அவுட்டாக்க முடிந்ததில்லை. ஐந்தாம் வகுப்பில் வந்து சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவன் அவுட்டானது கிடையாது. அவன் அப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. மட்டையைச் சுற்றினால் பாதி நேரம் காற்றுதான் அடிபடும்.

பள்ளிக்கூடம் கிரிவலப் பாதையை ஒட்டி இருந்தது. ஸ்டம்ப் வாங்க யார் இருக்கிறார்கள்? சத்துணவுக் கூடத்தில் காலியான எண்ணெய் டின்தான் ஸ்டம்ப். பந்து பட்டால் டங்கென்று மலையடிவாரம் வரை கேட்கும்.

இனியன் ஆடும்போது விமல்ராஜ் பந்தைத் தரையோடு உருட்டிவிட்டு, "இப்ப அடிடா!" என்று குரல் கொடுப்பான். இனியன் சுற்றுவான். டங்! உடனே எல்லாரும் ஒரே குரலில், "நோ பால்!" என்பார்கள்.

அடுத்த பந்து. டங்! "நோ பால்!"

அதற்கடுத்த பந்து. டங்! "ஐயோ, இதுவும் நோ பாலா? விமல், ஒழுங்கா போடுடா!" என்று கேப்டன் சிந்துஜா கோபப்படுவதுபோல் நடிப்பாள்.

எல்லாம் அன்பால்தான். பாவம், அவன் மனசு நோகக் கூடாதே என்றுதான். ஆனால் அந்தக் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒன்றை மறந்துவிட்டார்கள். இனியனுக்குக் கண்தான் தெரியாது. காது நன்றாகவே கேட்கும்.

அவனும் முதலில் பேசாமல் இருந்தான். புதுப் பள்ளிக்கூடம், புது நண்பர்கள், எதற்கு வம்பு? சாயங்காலம் ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா காசி அவனை அழைத்துப்போக வருவார்.

"இன்னிக்கும் அவுட்டாவலையா? என் புள்ளைன்னா கொக்கா!" என்பார் வாயெல்லாம் பல்லாக. இனியன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

ஒரு புதன்கிழமை, ஆறாம் வகுப்பு கேப்டன் வல்லரசு மேட்ச் பேச வந்தான்.

"வெள்ளிக்கிழமை மேட்ச். டீமுக்கு ஏழு பேர். உங்க டீம்ல ஒருத்தர் ஜாஸ்தியா இருக்கீங்களே?"

"இனியன கணக்குல சேக்காத. அவன் ஒப்புக்குச் சப்பாணி," என்றான் விமல்ராஜ் குரலைத் தாழ்த்தி.

குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இனியன் காதில் அது தெளிவாக விழுந்தது. அழுது அடம்பிடிக்கும் தம்பி தங்கைகளை ஆட்டத்தில் அப்படித்தான் சேர்த்துக்கொள்வார்கள். அவர்கள் ஓடலாம், குதிக்கலாம், கத்தலாம். அவுட்டே கிடையாது. ஆனால் அவர்கள் எடுக்கும் ரன்னையும் யாரும் எண்ண மாட்டார்கள். பக்கத்து வீட்டு மூன்று வயதுக் குட்டியை இனியனே அப்படிச் சேர்த்திருக்கிறான். நானும் அந்தக் குட்டியும் ஒன்றா? அவனுக்குச் சுருக்கென்றது.

வகுப்பிலும் அதே கதைதான். அருணாதேவி டீச்சர் வாய்ப்பாடு கேட்டார். ஏழு பெருக்கல் எட்டு ஐம்பத்து நாலு என்றான் இனியன்.

"பரவால்ல கண்ணா, நல்லா முயற்சி பண்ண. உக்காரு," என்றார் டீச்சர்.

அடுத்து விமல்ராஜும் ஐம்பத்து நாலு என்றே சொன்னான்.

"ஏழாம் வாய்ப்பாட்ட பத்து தடவ எழுதிட்டு வா!" என்றார் டீச்சர்.

விமல்ராஜ் முனகினான். இனியனுக்கோ அவன்மேல் பொறாமையாக இருந்தது. இம்போசிஷன் கிடைக்கவில்லையே என்று ஏங்கிய பையனை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா?

மறுநாள் பயிற்சி ஆட்டத்தில் வழக்கம்போல் டங். வழக்கம்போல் "நோ பால்!"

இனியன் மட்டையைக் கீழே வைத்தான். "நான் அவுட்," என்றான்.

"இல்லடா, நோ பால்டா," என்றாள் சிந்துஜா.

"டின் சத்தம் எனக்குக் கேக்குது சிந்து. மொத நாள்லேர்ந்தே கேக்குது."

விமல்ராஜ் கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறினான்.

"நீ வருத்தப்படுவியேன்னுதான்..." என்று இழுத்தாள் சிந்துஜா.

"அவுட்டானா வருத்தமாத்தான் இருக்கும். உனக்கு இருக்காதா? ஆனா என் ரன்ன யாரும் எண்ணவே இல்லியே. எண்ணாத ஆட்டத்துல நான் எதுக்கு ஓடணும்?" என்றான் இனியன்.

சிந்துஜாவுக்கு முகம் சுருங்கிப்போனது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "சரி. ஆனா பந்து எங்க வருதுன்னு உனக்குத் தெரியாது. எப்பவும் மொத பந்துலயே அவுட்டாயிடுவ. அது மட்டும் நியாயமா?"

"பந்து சத்தம் போட்டா தெரியும். கணக்கு பீரியட்ல விமல் கடைசி பெஞ்சுல சிப்ஸ் பாக்கெட் பிரிப்பானே, அது எனக்குத்தான் மொதல்ல கேக்கும்."

"டேய், மெதுவாப் பேசுடா!" என்று பதறினான் விமல்ராஜ்.

பௌர்ணமி முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கிரிவலப் பாதையில் சிப்ஸ் கவருக்கா பஞ்சம்? ஒன்றைக் கொண்டுவந்து கழுவி, பந்தின்மேல் சுற்றி ரப்பர் பேண்டு போட்டார்கள். விமல்ராஜ் உருட்டினான். சரசரவென்று வந்தது பந்து. இனியன் காதைச் சாய்த்துக்கொண்டு மட்டையை வீசினான். பட்!

அந்தப் பந்தோடு எல்லாரும் வல்லரசுவிடம் போனார்கள்.

"ரெண்டு டீமுக்கும் இதே பந்து. எல்லாரும் உருட்டித்தான் போடணும். பந்து வரும்போது யாரும் கத்தக் கூடாது. டீமுக்கு எட்டு பேர். இனியன் கணக்குல உண்டு," என்றாள் சிந்துஜா.

"கத்தாம கிரிக்கெட்டா!" வல்லரசு தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு கண்ணை மூடி இரண்டு பந்து ஆடிப் பார்த்தான். இரண்டும் டங், டங். "இது இன்னாடா, இவ்ளோ கஷ்டமா இருக்குது! சரி, ஆடலாம்," என்றான்.

வெள்ளிக்கிழமை விளையாட்டு பீரியடில் அருணாதேவி டீச்சர்தான் நடுவர். முதலில் ஆடிய ஆறாம் வகுப்பு கணிசமாக ரன் எடுத்தது. விரட்டிய ஐந்தாம் வகுப்பில் வரிசையாக விக்கெட் போனது. கடைசி ஆளாக இனியன் வந்தபோது ஜெயிக்க நான்கு ரன் வேண்டும்.

வல்லரசு உருட்டினான். மைதானமே வாயை மூடிக்கொண்டது. சரசர... பட்! எதிர் முனையில் சிந்துஜா கைதட்டினாள். அந்தச் சத்தத்தை நோக்கி ஓடினான் இனியன். இந்தப் பக்கம் விமல்ராஜ் கைதட்ட, திரும்பவும் ஓடினான். இரண்டு ரன்! யாரோ அதை உரக்க எண்ணினார்கள். இனியனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இன்னும் இரண்டே ரன். இனியனுக்கு ஆசை பொங்கிவிட்டது. அடுத்த பந்துக்கு மட்டையைப் பலம்கொண்ட மட்டும் வீசினான்.

டங்!

பழக்கதோஷத்தில் விமல்ராஜ், "நோ..." என்று ஆரம்பித்தான். சிந்துஜா முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். டீச்சர் என்ன செய்வதென்று தெரியாமல், தயங்கித் தயங்கி ஒரு விரலைப் பாதி தூக்கினார்.

"டீச்சர், வாயால சொல்லுங்க டீச்சர். விரல் எனக்குத் தெரியாதே," என்றான் இனியன்.

டீச்சர் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையை நன்றாக உயர்த்தி, "அவுட்!" என்றார் சத்தமாக.

ஆறாம் வகுப்பு ஹோவென்று குதித்தது. இனியனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு வலிக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

விமல்ராஜ் ஓடிவந்தான். "டேய், ரெண்டு ரன்னுக்கு எதுக்குடா அவ்ளோ பெருசா சுத்துன? மெதுவாத் தட்டினாப் போதாது? அறிவிருக்கா உனக்கு?"

"நீ மட்டும் இன்னா கிழிச்ச? வந்த உடனே அவுட்டாகிப் போனவன்தானே!" என்று பதிலுக்குக் கத்தினான் இனியன்.

சிந்துஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விமல்ராஜுக்கும்தான்.

பள்ளிக்கூட வாசலில் அப்பாவின் ஆட்டோ நின்றிருந்தது. உள்ளே வழக்கமாக வருகிறவர்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். இனியன் அப்பா பக்கத்தில் தாவி ஏறினான்.

"மேட்ச் என்னாச்சுடா?" என்றார் காசி.

"தோத்துட்டோம்ப்பா."

"அடடா," என்று அவர் முகம் தொங்கப் பார்த்தது. ஆனால் மகன் முகம் மலர்ந்திருந்ததைப் பார்த்ததும் குழம்பிப்போனார்.

"என்னாலதாம்ப்பா தோத்தோம்!" என்றான் இனியன், ஆட்டோவில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி.