அழுகைக்கு அடியில் போடும் மௌனம்

யாரும் மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் சந்துரு ஒலிப்பதிவை ஆரம்பித்தான். ஆனாலும் ஹெட்ஃபோனில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மேடம், நீங்களா?”

ஈவ்லின் இல்லையென்று தலையாட்டினாள். அறையில் அவர்கள் இருவர்தான். படப்பிடிப்பு முடிந்து மற்றவர்கள் கீழே வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

எந்த இடத்திலும் கிளம்புவதற்கு முன் அந்த அறையின் வெறும் சத்தத்தைத் தனியாகப் பிடித்துக்கொள்வது இவர்கள் வழக்கம். ரூம் டோன் என்பார்கள். வெட்டி ஒட்டிய குரலுக்கு அடியில் அதைப் பரப்பிவிட்டால் ஒட்டிய இடம் தெரியாது. இன்றைக்குப் பிடிப்பது ஓர் அழுகைக்கு அடியில் போட.

அக்ரஹாரத்துச் சந்தில் இருந்த இந்த மாடியறையில் பேய் இருக்கிறதென்று தெருவே பேசியது. உள்ளூர் சேனலுக்கு அது போதாதா? பேயைத் தேடிப் போகும் பெண் நிருபர் என்று அமாவாசைக்கு ஒரு டெலிஃபிலிம் தயாரானது. சேனலின் நிஜ நிருபரான ஈவ்லினே அதில் நிருபராக நடித்தாள். கீழ்வீட்டுப் பாப்பம்மாள் மட்டும் அவளிடம் ஒன்று கேட்டாள். ஹனூர் என்ற எல்லையோர ஊரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவள் அவள். அவள் மகள் மோகனப்ரியா டெங்கு காய்ச்சலில் இந்த அறையில்தான் செத்துப்போனாள்.

“எம்பட புள்ள பேயில்லைன்னு டிவில சொல்லிப்போடுங்க அம்முணி. அது ஒருத்தரையும் அதட்டிக்கூடப் பேசாதுங்க.”

சொல்கிறேன் என்று ஈவ்லின் சத்தியம் செய்து, இந்த அறையிலேயே அவளை எதிரில் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தாள். பேச்சுக்கு நடுவே பாப்பம்மாள் முந்தானையைக் கையில் எடுத்தாள். ரெக்கார்டரைக் காட்டி, அதை நிறுத்தச் சொன்னாள். ஈவ்லின் அதன் சிவப்பு விளக்கைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, “ஆஃப் பண்ணிட்டேன்மா, நீங்க அழுங்க” என்றாள். அந்த அம்மாள் நம்பி அழுதாள். முதலில் ஒரு விக்கல், பிறகு அடிவயிற்றிலிருந்து நீண்ட ஓலம். டைரக்டர் கேட்டுவிட்டுத் துள்ளிக் குதித்தார். பேய்க்குக் குரல் கிடைத்துவிட்டது. மகளைப் பேயாக்கியதும் போதாதென்று பெற்றவளின் அழுகையை அந்தப் பேயின் வாயில் வைத்தாயிற்று. ஈவ்லினுக்குச் சபாஷ் வேறு. அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள், வெட்கம் கெட்டவள்.

“காப்பி ஆறிப்போயிருமுங்க.”

பாப்பம்மாள்தான், தட்டோடு படியேறி வந்திருந்தாள். ஈவ்லின் டம்ளரை மட்டும் பார்த்தாள்.

“நாஞ் சொன்னதச் சொல்லிட்டீங்களா அம்முணி?”

“சொல்லிட்டேன்மா.”

சந்துரு குனிந்து, முடிச்சில்லாத ஒயரில் முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“நாளைக்குத் தெருச்சனத்தையெல்லாம் எங்க வூட்டுக்கு டிவி பாக்கக் கூப்புட்டிருக்கறனுங்க. அவியளும் கேக்கட்டும்.”

அவள் இறங்கிப் போனாள். அந்த அழுகையை அழித்துவிடு என்று சந்துருவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் செய்தி வாசிக்கும் இடம் இந்தப் படத்துக்குப் பிறகு ஈவ்லினுக்கே என்று பேச்சு இருந்தது. வாய் வரை வந்த வார்த்தையைக் காப்பியோடு விழுங்கினாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“கீழே தண்ணி மோட்டார் ஓடுது மேடம். அதுதான் மூச்சு மாதிரி கேக்குது” என்றான் சந்துரு. “நான் போய் நிறுத்தச் சொல்றேன். நீங்க கொஞ்சம் அசையாம உக்காந்திருங்க. இது ஓடிட்டே இருக்கட்டும்.”

ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டி, ரெக்கார்டரை எதிர் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனான். பேட்டியின்போது ஈவ்லின் உட்கார்ந்திருந்த நாற்காலி அது. இப்போது அவள் உட்கார்ந்திருந்ததோ பாப்பம்மாள் அழுத நாற்காலி.

ஜன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கோயில் மணியும் ஸ்கூட்டர் ஹாரனும் யார் வீட்டிலோ குக்கர் விசிலும் ஹெட்ஃபோன் வழியாக எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டன. சுவரின் பழைய சுண்ணாம்பு வாசத்துக்குள்ளிருந்து வேறொரு வாசம், பச்சையாகக் கசக்கிப் பிழிந்த இலையின் கசப்பு வாசம், மெல்ல எழுந்து அவள் நாக்கின் அடிவரை போய் ஒட்டிக்கொண்டது. பப்பாளி இலை. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு அந்தச் சாற்றைத்தான் கொடுத்துக்கொண்டே இருந்தேன் என்று பாப்பம்மாள் சொல்லியிருந்தாள்.

மோட்டார் நின்றது.

மூச்சு நிற்கவில்லை.

அனலாக. வேகவேகமாக. ஹெட்ஃபோனுக்குள், காதை ஒட்டி.

எழுந்து ஓட நினைத்தாள். ஹெட்ஃபோன் ஒயர் லேசாக இழுபட்டது. எதிர் நாற்காலியிலிருந்து ரெக்கார்டரை யாரோ கையில் எடுத்தது மாதிரி.

“ஆஃப் பண்ணிட்டேன்மா” என்றது ஓர் இளம் குரல். அதட்டல் இல்லை. பணிவான குரல். “நீங்க அழுங்க.”

மன்னிச்சிடு, அழிச்சிடறேன் என்று சொல்லத்தான் ஈவ்லின் வாயைத் திறந்தாள்.

விக்கல் வந்தது. பிறகு ஓலம்.

அவள் குரல் இல்லை. பாப்பம்மாளின் குரல். அதே விக்கல். அதே அடிவயிற்று ஓலம். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். நிற்கவில்லை.

கீழே டம்ளர்கள் உருண்டன.

“மேல யாருங்க அது?” பாப்பம்மாளின் குரல் நடுங்கியது. “அது... நான் அழுததில்லீங்களா? அம்முணி?”

படியில் காலடி.

வராதீங்கம்மா. சொல்ல வாயில்லை. வாயில் அவளுடைய அழுகைதான் இருந்தது.

எதிர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நைட்டி. நெற்றியில் ஈரத்துணிப் பட்டை. கேட்டுக்கொள்கிறவளின் பொறுமையோடு முன்னால் சாய்ந்து ரெக்கார்டரை நீட்டிப் பிடித்திருந்தாள். அதன் சிவப்பு விளக்கை அவளுடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. விரலின் ஓரமெல்லாம் சிவப்பு கசிந்துகொண்டிருந்தது.