வாலில் இருந்தவன்

மழை விட்டிருந்த ஒரு காலையில் அந்த அம்மாள் எங்கள் பழைய இரும்புக் கிடங்குக்கு வந்தார். தையல் வேலை போலிருக்கிறது. அளவெடுக்கும் நாடாவைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து கிளம்பியிருந்தார். நான் அங்கே கிரேன் ஓட்டுபவன்.

“குண்டு போடுற விமானத்தோட வால் வந்திருக்காமே, தம்பி?”

காட்டினேன். போரில் விழுந்து, முப்பது வருடம் மலைக்காட்டில் கிடந்த விமானம். முன்பக்கம் முழுக்க எரிந்துபோய் வால் மட்டும்தான் மிச்சம். அதன் நுனியில், துரத்தி வரும் எதிரியைச் சுடுகிறவன் உட்காரும், இருபுறமும் திரும்பக்கூடிய கண்ணாடிக் கூண்டு. துப்பாக்கிகளை ராணுவம் முன்பே கழற்றிவிட்டது. கூண்டு துருவேறி இறுகியிருந்தது. கடப்பாரை போட்டு நெம்பியும் அசையவில்லை.

“எங்க அண்ணன் இதுலதான் இருந்தான். மத்தவங்க குதிச்சுப் பொழச்சுட்டாங்க. இவன் உடம்பு கிடைக்கல. முதல்ல குதிச்சு ஓடுனவன்னு சொல்லி நினைவுக் கல்லுல பேரைக்கூட வெட்டல.”

முதலாளி வந்தார். “மத்தியானம் உலைக்குப் போகுதும்மா. பாத்துட்டுக் கிளம்புங்க.”

அந்த அம்மாள் விறுவிறுவென்று வாலுக்குள் நுழைந்து கூண்டில் போய் உட்கார்ந்தார்.

“இப்போ தூக்கச் சொல்லுங்க, பாப்போம்.”

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். “நீ போய்ப் பேசி இறக்குடா.”

தவழ்ந்து போனேன். உள்ளே ரப்பர் கருகும் வாடை. போகப் போக, ஈரத் தகரம் கையைச் சுட்டது.

யாரோ மூச்சு வாங்கினார்கள்.

அந்த அம்மாள் இல்லை. நானும் இல்லை.

பிறகு, காதருகே கரகரத்த ஓர் இளங்குரல்.

“நீங்க குதிங்க... நான் பாத்துக்கிறேன்... குதிங்க...”

அந்த அம்மாள் திரும்பாமலே மெல்லக் கேட்டார்.

“கேட்டியா, தம்பி? இவனா ஓடிப்போனவன்?”

கூண்டு நகர்ந்தது.

துரு உதிர, முனகிக்கொண்டே, அவரையும் சுமந்தபடி திரும்பி, வெளியே நின்ற முதலாளிக்கு நேராக வந்து நின்றது. அவர் இடப்பக்கம் விலகினார்.

அதுவும் விலகியது.

முதலாளி ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது.

வால் உலைக்குப் போகவில்லை. அடுத்த வாரம் அந்த அம்மாளே உளியும் சுத்தியலுமாகப் போய், பட்டப்பகலில், நினைவுக் கல்லில் அண்ணன் பெயரை வெட்டினார். தடுக்க வந்த அதிகாரியிடம், “தாராளமா அழிங்க. அழிச்சுட்டு கிடங்குக்கு வந்து அவன்கிட்டயே சொல்லிடுங்க,” என்றாராம்.

இதுவரை யாரும் அழிக்கவில்லை.

இப்போதும் குளிர்ந்த காலைகளில் கூண்டுக் கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்து மங்கியிருக்கும். நான் வேலைக்கு வந்து பார்க்கும்போது, நடுவில் ஒரு முகம் அளவுக்கு மட்டும் துடைத்திருக்கும்.

உள்ளேயிருந்து.