சத்தம் போட்டால் அவுட்

வடமாலபேட்டையில் அந்த வீட்டைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை காலையில், விற்க வந்தவள் வீட்டைக் காட்டுவதை விட்டுவிட்டுக் குழந்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தியாவுக்கு அது அப்போது தப்பாகத் தெரியவில்லை. ஆறு வருஷமாக நகரியில், பவர்லூம் ஷெட்டின் பின்சுவரை ஒட்டிய வாடகை வீட்டில் இருந்தவள் அவள். தறிச் சத்தம் போதாதென்று, குழந்தைகள் கொஞ்சம் ஓடினாலும் வீட்டுக்காரர் ஜன்னலில் வந்து நின்று முறைப்பார். சொந்த வீடு தேடி அலைந்த இடங்களிலும் யாரும் குழந்தைகளிடம் முகம் கொடுக்கவில்லை. இவள் சிரித்தாள். நல்ல சகுனம் என்றே சந்தியா நினைத்தாள்.

"பாப்பாவுக்கு எத்தினி வயசு?"

"அஞ்சு முடிஞ்சிடுச்சிக்கா. ஹரிப்ரியா. இவன் யஸ்வந்த், ரெண்டு."

"ஓடி ஆடுவாங்களா? இல்ல, செல்லை வெச்சிக்கினு உக்காந்துடுவாங்களா?"

சந்தியாவின் புருஷன் மணிவேல் சிரித்தான். "நீங்க வேற. காலைல ஆரம்பிச்சா பொழுது சாயற வரிக்கும் ஆட்டம்தான்."

அந்தப் பெண்ணின் பெயர் ரோஜா. நாற்பதைத் தொடாத வயது, ஆனால் தலை பாதி நரைத்திருந்தது. திருப்பதியில் தனியாக இருப்பதாகச் சொன்னாள். இவர்களுக்கு முன்னால் இரண்டு பேர் கேட்டும் அவள் கொடுக்கவில்லையாம். ஏன் என்று புரோக்கருக்கே தெரியவில்லை. இரண்டு பேருக்கும் பிள்ளைகள் இல்லை என்பதை மட்டும் அவர் போகிற போக்கில் சொல்லியிருந்தார்.

வீட்டு முன்னால் சிமெண்டு வாசல். நடுவில் ஒரு சதுரம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது.

"இது இன்னா?" என்றான் மணிவேல்.

"தண்ணித் தொட்டி. மண்ணு கொட்டி மூடிட்டோம்." அந்தச் சதுரத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள் ரோஜா.

பத்திரம் முடிந்து சாவியைக் கொடுத்த அன்று ஹரிப்ரியாவின் தலையில் கை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"நல்லா வெளையாடு பாப்பா. சத்தமா வெளையாடு."

மே மாதம் பால் காய்ச்சிக் குடி வந்தார்கள். மணிவேலுக்கு ஸ்ரீ சிட்டியில் வேலை. விடியும் முன்பே ஹைவேயில் கம்பெனி பஸ் பிடித்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவான். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. பகல் முழுக்க வீட்டில் சந்தியாவும் இரண்டு பிள்ளைகளும்தான்.

தறிச் சத்தத்திலேயே இருந்து பழகியவளுக்கு அந்த வீட்டு மத்தியான அமைதி தாங்கமுடியவில்லை. காதில் பஞ்சை அடைத்தது போல் இருக்கும். தெருவில் ஒரு நாய்கூட நகராது. வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் கட்டம் கட்டமாகப் படுத்திருக்கும்.

அந்த அமைதியில்தான் முதல் முறை கேட்டாள். ஹாலில் ஹரிப்ரியா சுவரில் முகம் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு..."

சந்தியா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். "தெலுங்குல எண்ண எப்போடி கத்துக்கினே?"

"சிரு சொல்லிக் குடுத்தான்."

"யாரு சிரு? பக்கத்து வீட்டுப் பையனா?"

"இல்லம்மா. நம்ம வீட்டுப் பையன்."

குழந்தை ஏதோ கற்பனையில் பேசுகிறது என்று சந்தியா விட்டுவிட்டாள். ஒளிந்து பிடிக்கும் ஐஸ்பாய் விளையாடத் துணையில்லாத பிள்ளை தானே ஒரு துணையைச் செய்துகொண்டிருக்கும். ஆனால் மறுநாள் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது தரையில் ஈரக் கால் தடங்களைப் பார்த்தாள். ஹாலிலிருந்து படுக்கையறைக் கதவு வரைக்கும் ஏழு தடம். யஸ்வந்த் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். ஹரிப்ரியாவின் கால் காய்ந்திருந்தது. சந்தியா மகளின் காலைத் தூக்கி ஒரு தடத்தின் மேல் வைத்துப் பார்த்தாள்.

தடம் பெரிதாக இருந்தது. ஒரு விரல் அளவு.

புதுச் சிமெண்டு நனைந்தால் வருமே, அந்த வாசனை அறையெல்லாம் அடித்தது.

சாயங்காலம் சொன்னபோது மணிவேல் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இந்த வெயிலுக்கு எனக்கே கண்ணு கட்டுது" என்றான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து, "பயந்துக்கினியா? வர்ற வாரம் லீவு சொல்லிப் பாக்கறேன்" என்றான்.

நாலாவது நாள் மத்தியானம். யஸ்வந்துக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள், எண்ணும் குரல் நின்று வெகுநேரம் ஆனதைத் திடீரென்று உணர்ந்தாள்.

"ஹரி!"

பதில் இல்லை.

படுக்கையறை, பீரோ பின்னால், கட்டிலுக்கு அடியில். இல்லை. வாசல் கேட் பூட்டியபடியே இருந்தது.

"ஹரி! போதும், வெளிய வாடி!"

பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

பைப்பில் தண்ணீர் வந்துவிட்டது. ஹோஸ் எப்போதும் அங்கிருக்கும் நீல டிரம்மில் செருகியே இருக்கும். தண்ணீர் வந்தால் தானே நிரம்பும். ஆனால் டிரம்மின் மூடி ஹோஸோடு சேர்த்து இறுக்கமாக மூடியிருந்தது. காலையில் அதைக் கழுவித் திறந்துதான் வைத்திருந்தாள்.

மூடியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மேலே யாரோ உட்கார்ந்திருப்பது போல் கனத்தது.

"விடுடா!" யாரைச் சொல்கிறாள் என்று தெரியாமலே கத்தினாள். "எங்கொழந்தையை விடுடா!"

கனம் போய்விட்டது. மூடி கையோடு வந்தது.

உள்ளே கழுத்தளவு தண்ணீரில் ஹரிப்ரியா குந்திக்கொண்டிருந்தாள், ஒரு விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டு. அழவில்லை. வாரி எடுத்து மார்போடு அணைத்தபோதுதான் உடம்பு நடுங்கத் தொடங்கியது.

"ஏண்டி கத்தலை? அம்மா கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சு." பற்கள் கிடுகிடுக்க, காதோடு சொன்னாள். "சத்தம் போட்டா அவுட்டாம்மா. சிரு சொன்னான். அவங்க அம்மா எவ்ளோ கூப்பிட்டும் அவன் சத்தமே போடலையாம்."

சந்தியா ஈரத்தோடேயே ரோஜாவுக்கு போன் செய்தாள்.

"அக்கா, சிரு யாரு?"

ரோஜா திருப்பிக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "உங்க கண்ணுக்குத் தெரியறானா?"

மறுநாள் மணிவேல் வேலைக்குப் போகவில்லை. பத்து மணிக்கு ரோஜா வந்து நின்றதும் அவன் எழுந்துவிட்டான். "எங்கொழந்தைங்களைக் காவு குடுக்கத்தான் எங்களுக்கு வித்தீங்களா? நாங்க உங்களுக்கு இன்னா பாவம் பண்ணோம்?"

ரோஜா தரையில் உட்கார்ந்தாள். சொல்லத் தொடங்கினாள்.

"எம்பையன் சிரஞ்சீவி. ஆறு வயசு. அன்னிக்கு வாசல்ல இருந்த தொட்டியைக் கழுவி, காயட்டும்னு தொறந்து வெச்சிருந்தேன். நானும் அவனும் ஐஸ்பாய் ஆடினோம். போன ஆட்டத்துல அவன் சிரிச்சு மாட்டிக்கினான். சத்தம் போட்டா அவுட்டுடா, அம்மா டக்குனு கண்டுபுடிச்சிடுவேன்னு நான்தான் சொன்னேன். நான் எண்ணிக்கினு இருக்கும்போதே, தண்ணி வந்துடுச்சுன்னு தெருவுல கூவினாங்க. ஓடியாந்து ஹோஸை உள்ள விட்டேன். குப்பை விழும்னு மூடியை இழுத்து மூடினேன். குனிஞ்சு ஒரு தடவை பாத்திருக்கலாம். பாக்கலை. அப்புறம்தான் அவனைத் தேடினேன்."

மணிவேல் மெல்ல உட்கார்ந்தான்.

"வீடெல்லாம் தேடினேன். தெருவெல்லாம் தேடினேன். சிரு, சிருன்னு கத்தினேன். அந்த மூடி மேலயே நின்னு கத்தினேன் சந்தியா. எங்காலுக்குக் கீழதான் இருந்திருக்கான். அப்புறம் மூடியைத் தொறந்து எடுத்தவங்க தெருக்காரங்க, நான் இல்லை."

யஸ்வந்த் தத்தித் தத்தி நடந்து போய் அவள் புடவை நுனியைப் பிடித்து இழுத்தான்.

"அவங்க அப்பா பெங்களூருக்குப் போய்ட்டாரு. நான் மூணு வருஷம் இங்கயே கெடந்தேன். ராவும் பகலும் கூப்பிட்டேன். ஒரு நாள்கூட அவன் வரலை. ஆனா தெருப் புள்ளைங்க கேட் கிட்ட வந்தா, யாரோ எண்ணற சத்தம் கேக்குதுன்னு சொல்லும். எங்கிட்ட வராதவன் புள்ளைங்ககிட்டயாவது வரட்டும், தனியா இல்லாம இருக்கட்டும்னு நெனச்சேன். அதான் உங்களுக்குக் குடுத்தேன். தண்ணியில எறக்குவான்னு சத்தியமா நெனைக்கலை."

அவள் கும்பிட்டாள். சந்தியாவுக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

அப்போது ஹரிப்ரியா களுக்கென்று சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாடி?" என்றாள் சந்தியா.

"சொல்லக்கூடாது. அவன் இங்கதான் இருக்கான். ஒளிஞ்சிக்கினு இருக்கான்."

"யாருகிட்ட இருந்து?"

குழந்தை ரோஜாவைக் கை காட்டியது. "அவங்க இன்னும் கண்டுபுடிக்கலையே."

ரோஜாவின் முகம் வெளிறியது. மூன்று வருஷமும் அவன் வராமல் இருந்ததன் காரணம் அவளுக்கு அந்த நொடியில்தான் விளங்கியிருக்க வேண்டும். கோபமில்லை. அம்மாவை வெறுக்கவுமில்லை. ஆட்டம் முடியவில்லை, அவ்வளவுதான்.

அவள் எழுந்தாள். ஆட்டத்தில் கண்டுபிடித்ததும் கூவுவது போல் கூவிக்கொண்டே கதவுக்குப் பின்னால் பார்த்தாள். "சிரு ஐஸ்பாய்." கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். "சிரு ஐஸ்பாய்." சமையல்கட்டு, குளியலறை, நீல டிரம். ஒவ்வொரு இடத்திலும் குரல் உடைந்துகொண்டே வந்தது. ஹரிப்ரியா பின்னாலேயே நடந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். இல்லை. இங்கேயும் இல்லை.

மிச்சம் இருந்தது ஒரே இடம்.

வாசலில் வெயில் கொதித்தது. அந்த வெளுத்த சதுரத்தின் ஓரம் வரைக்கும் போய் ரோஜா நின்றுவிட்டாள்.

"என்னால முடியாது சந்தியா."

சந்தியா அவள் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே முதலில் தான் மண்டியிட்டாள். அப்புறம் ரோஜாவும் விழுந்தாள். சுடும் சிமெண்டில் கன்னத்தை வைத்து, மூன்று வருஷமாகப் பார்க்காத அந்தப் பள்ளத்துக்குள் பார்ப்பது போல் சொன்னாள்.

"கண்டுபுடிச்சிட்டேன்டா நைனா. இங்க இருக்கே. அம்மா கண்டுபுடிச்சிட்டேன். சிரு ஐஸ்பாய்."

காற்று இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை.

"வந்துட்டான்!" என்று ஹரிப்ரியா கை தட்டினாள். "ஏம்மா இவ்ளோ நேரம்னு கேக்கறான்."

அந்தக் கொதிக்கும் சிமெண்டில், ரோஜாவின் முழங்காலுக்கு முன்னால் இரண்டு சின்ன ஈரக் கால் தடங்கள் ஊறி எழுந்தன. மணிவேலும் பார்த்தான், அவன் கை யஸ்வந்தை இறுக்கிக்கொண்டது. ரோஜா ஒன்றுமில்லாத இடத்தை வாரி அணைத்தாள். அவள் ரவிக்கையின் தோள் நனைந்து கறுத்தது. அவள் அழுத அழுகை, மனுஷக் குரலாகவே இல்லை.

வெகுநேரத்துக்குப் பிறகு அந்த ஈரத் தோளைப் பார்த்துச் சொன்னாள். "இந்தப் பாப்பாவைத் தண்ணியில எறக்கக்கூடாது, சரியா? சின்னப் புள்ள. மூச்சு முட்டும்."

"சரின்னு தலையாட்டறான்" என்றாள் ஹரிப்ரியா.

"அம்மாகூட வந்துடறியா?"

ஹரிப்ரியா எதையோ காது கொடுத்துக் கேட்டாள். "சிரிக்கறான்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சிரிப்பை ரோஜா சம்மதமாக எடுத்துக்கொண்டாள். யாருக்கோ கை கொடுத்தது போல், இடது கையைக் கொஞ்சம் தாழ்த்தி நீட்டியபடி கேட்டைத் தாண்டிப் போனாள். திருப்பதி பஸ்ஸில் ஏற்றிவிட மணிவேல் கூடவே போனான்.

அவர்கள் தெரு முனையில் திரும்பும் வரைக்கும் சந்தியா வாசலிலேயே நின்றாள். பக்கத்தில் நின்ற ஹரிப்ரியா அவள் கையைச் சுரண்டினாள்.

"அம்மா, அவன் போகலை."

"இன்னா சொல்றே?"

"இன்னொரு ஆட்டம்னான். மறுபடியும் ஒளிஞ்சிட்டான். இந்த வாட்டி நல்ல எடமாம்."

சந்தியாவுக்கு உடனே ஓடிப்போய் ரோஜாவைக் கூப்பிட வேண்டும் என்றுதான் தோன்றியது. கால் இரண்டடி வைத்தது. நீட்டிய அந்த இடது கை கண்ணுக்குள் வந்தது. நின்றுவிட்டாள்.

இரண்டு நாள் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ரோஜாவின் போன் வந்தது. அவள் குரல் அதற்கு முன் அப்படித் தெளிவாக இருந்ததில்லை.

"சந்தியா, மூணு வருஷத்துக்கு அப்புறம் ராத்திரி தூங்கினேன்மா. ஆனா ஒண்ணு. இங்க ஈரம் எதுவும் தெரியலை. கூப்பிட்டாலும் சத்தம் இல்லை. எங்கூடதானே வந்தான்? அங்க ஒண்ணும் இல்லியே?"

சந்தியா அடுப்படியில் நின்றிருந்தாள். ஹரிப்ரியாவும் யஸ்வந்தும் ஹாலில் ஒருவர் மேல் ஒருவர் கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் முந்தானையை யாரோ பின்னாலிருந்து பிடித்தார்கள். சின்னக் கை. பிடித்த இடத்திலிருந்து தண்ணீர் சொட்டிக் குதிகாலை நனைத்தது. போனில் வரும் தன் அம்மாவின் குரலைக் கேட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டியிருந்தது அந்தப் பிள்ளை.

சந்தியா திரும்பவில்லை.

"இங்க யாரும் இல்லக்கா," என்றாள். "உங்ககூடதான் வந்துட்டான்."

பின்னால், சிரிப்பை அடக்க முடியாமல், யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள்.