தகரத் துண்டு நுழையாத இடைவெளி

செவேரோவின் வீட்டுக் கதவை எவெலியோ தட்டியபோது அவன் கையில் பெயின்ட் இன்னும் காயவில்லை. தன் பட்டறைக் கதவில் யாரோ எழுதியிருந்த 'திருடன்' என்ற சொல்லை மூன்றாம் முறையாக அழித்துவிட்டு வந்திருந்தான்.

"யமிலா எனக்கு ஞானமகள், ஐயா. அவ சாவுக்கு நானே காரணம்ங்கிறாங்க."

ஹவானா போலீஸில் தடயம் பார்த்து ஓய்வு பெற்றவர் செவேரோ. எதிரில் டாமினோ ஆடிக்கொண்டிருந்த முடிதிருத்துபவர் ஒவிடியோ, ஆட்டத்தை மறந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நடந்தது இதுதான். எவெலியோவின் நண்பன் அமாடோவிடம் 1953 செவர்லே டாக்ஸி ஒன்று இருந்தது. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பாயிண்ட் தேய்ந்துபோக, மயாமியிலிருந்து அவன் தம்பி புதுசு அனுப்பினான். எவெலியோதான் மாட்டினான். ஒன்பது நாளுக்கு முன் அமாடோவின் மகள் யமிலாவுக்கு மூச்சிரைப்பு கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கடற்கரைச் சாலையில் வண்டி நின்றது. பெட்ரோல் இல்லாத ஊரில் வேறு வண்டி வரவில்லை. அமாடோ மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். பலனில்லை. பிறகு போலீஸ் பானெட்டைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது பழைய பாயிண்ட். புதுசை எவெலியோ அமுக்கிக்கொண்டான் என்றது ஊர்.

"கழட்டின பழசை என்ன செஞ்சே?" என்றார் செவேரோ.

"புதுசு வந்த டப்பாவுலயே போட்டு அமாடோ கையில கொடுத்தேன். எல்லாரும் அப்படித்தானே செய்றோம்?"

"சரி, வா. வண்டியைப் பார்ப்போம்." ஒவிடியோவும் கூடவே கிளம்பினார்.

அமாடோ தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். எவெலியோவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். செவர்லேயின் பானெட்டில் சங்கிலியும் பூட்டும் தொங்கின.

"எத்தனை சாவி?" என்றார் செவேரோ.

"ஒண்ணுதான். என் கழுத்துல கெடக்கு. திருட்டு பயம்."

அமாடோ பூட்டைத் திறந்துவிட்டான். அதில் ஒரு கீறலும் இல்லை. பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைச் செவேரோ கழற்றினார். பாயிண்ட் முழுதாகத் திறக்கும்வரை எஞ்சினைக் கையால் சுற்றச் சொன்னார்.

"எவெலியோ, பாயிண்ட் இடைவெளியை எதை வெச்சு அளப்பே?"

எவெலியோ சட்டைப்பையிலிருந்து மத்திமீன் டப்பாவில் வெட்டிய தகரத் துண்டை எடுத்தான். பதினெட்டு வருஷமாக அவனிடம் இருப்பது. அது இடைவெளிக்குள் நுழையவில்லை.

ஒவிடியோ சும்மா இருப்பாரா? தன் பையிலிருந்த சவர பிளேடை நுழைத்தார். போயிற்று. "இது இவன் வெச்ச இடைவெளியே இல்ல! யாரோ குத்துமதிப்பா வெச்சிருக்கான்!"

"திருகைப் பாருங்க," என்றார் செவேரோ. "திருப்புளி பட்ட திருகு இல்ல. சமையல் கத்தி கடிச்சிருக்கு. அமாடோ, அந்த டப்பா எங்கே?"

"காலி டப்பா. தூக்கிப் போட்டுட்டேன்."

ஒவிடியோ சிரித்துவிட்டார். "இந்த ஊர்ல டப்பாவைத் தூக்கிப் போட்டியா? எங்க வீட்டு உப்பு பத்து வருஷமா பல்பொடி டப்பாவுல கெடக்குதுப்பா!"

வேறு யாரும் சிரிக்கவில்லை.

"எவெலியோ மாட்டினது புதுசுதான்," என்றார் செவேரோ நிதானமாக. "அதுக்கப்புறம் யாரோ சமையல் கத்தியால அதைக் கழட்டிட்டு பழசை மாட்டியிருக்காங்க. பூட்டு உடையல. சாவி ஒண்ணுதான். அது ஒரு கழுத்துலதான் கெடக்கு. வெளியாள் திருடியிருந்தா பழசை மாட்டிவிட்டுப் போயிருக்க மாட்டான். ஏன்னுதான் எனக்குப் புரியல, அமாடோ."

அமாடோ எழுந்து உள்ளே போனான். ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தான். உள்ளே ஒரு ஜோடி வெள்ளை ஷூ. இடது ஷூவுக்குள் அந்த டப்பா. டப்பாவில் புது பாயிண்ட், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி.

"வர்ற ஞாயித்துக்கிழமை அவளுக்குப் பதினஞ்சு முடியுது. கல்யாணம் மாதிரி கொண்டாடுற நாள்," என்றான். "கவுன் போட்டு, வண்டியில பூ கட்டி, கடற்கரை நெடுக ஓட்டுறேன்னு சொல்லியிருந்தேன். அன்னைக்கு ஊரே பாக்குறப்ப நடுவழியில நின்னுடக் கூடாதுல்ல? டாக்ஸி ஓட்டி இது ஏன் தேயணும்னு... எடுத்து வெச்சேன்." அவன் எவெலியோவைப் பார்த்தான். "நீதான் செஞ்சேன்னு ஊர் சொன்னப்பதான்டா எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வந்துச்சு."

"சாயங்காலம் ஸ்டேஷன்ல நான் சொல்லிடுறேன்," என்றார் செவேரோ.

எவெலியோவின் நல்ல பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"மாட்டு," என்றான் அமாடோ, பாயிண்டை நீட்டி.

"இப்பவா? வேணாம்டா."

"வேற ஏதாவது கோளாறாக்கூட இருந்திருக்கலாம்ல? இதைப் போட்டாலும் கிளம்பலேன்னா... மாட்டுடா."

எவெலியோ குனிந்தான். இடைவெளியே விடாமல் திருகை முறுக்கினால் போதும், வண்டி கிளம்பாது. அமாடோ பிழைத்துக்கொள்வான். செவேரோ வேண்டுமென்றே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவெலியோ தகரத் துண்டைப் பைக்குள் போட்டுவிட்டு, இடைவெளியை மூடித் திருகை இறுக்கினான்.

மூடிய கையாலேயே மறுபடி தளர்த்தினான். அது புதுசு. யமிலாவுக்காக வைத்திருந்தது. அதைக் கெடுத்து மாட்ட அவன் கை இணங்கவில்லை. தகரத் துண்டை எடுத்து நுழைத்துப் பார்த்து, அளவாக இறுக்கினான்.

அமாடோ வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான்.

முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அமாடோ அதை நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். சத்தத்தில் ஒரு பிசிறுகூட இல்லை.