புறங்கை

கருகல் வாடை எங்கிருந்து வருகிறதென்று அவன் பட்டறை முழுக்கத் தேடினான். மோட்டாரின் பெல்ட்டை முகர்ந்து பார்த்தான். எண்ணெய் டிரம்மின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். உலைக்குப் பக்கத்தில் சாக்குத் துணி ஏதாவது கிடந்து புகைகிறதா என்று குனிந்தும் பார்த்துவிட்டான். அவன் போகிற இடமெல்லாம் வாடையும் கூடவே வந்தது. வாசல் பக்கம் காற்று வாங்கப் போயிருந்த மனைவி உள்ளே வந்தாள். அவனைப் பார்த்ததும் அலறினாள்.

"கையில என்னங்க அது? கீழ போடுங்க! ஐயோ, கீழ போடுங்க!"

இடது கையில், சற்று முன் அடித்து ஆற வைத்த கத்தி இருந்தது. சிவப்பு அடங்கிக் கறுத்துவிட்டதால் ஆறிவிட்டதென்று நினைத்து எடுத்திருப்பான் போல. எடுத்ததே நினைவில் இல்லை. கத்தியைப் போட்டான். உள்ளங்கைத் தோல் கொஞ்சம் அதோடு போயிற்று. வலிக்கும் என்று காத்திருந்தான். வலிக்கவில்லை.

ஊரில் அவனைக் கத்திக்காரர் என்பார்கள். ஓட்டல் சமையல்காரர்கள் அவன் கத்திக்காக மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிப் போவார்கள். பட்டறையின் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் நின்ற, மோட்டாரில் ஓடும் சம்மட்டியான பவர் ஹேமர்தான் அந்தக் கத்திகளுக்கெல்லாம் தாய். உலையிலிருந்து பழுத்த இரும்பைக் குறட்டால் எடுத்து அவன் கீழ்க்கட்டையின் மேல் வைப்பான். மனைவி மிதிகட்டையை மிதிப்பாள். மேல்கட்டை இறங்கி இறங்கித் தரையையே உலுக்கும். அந்தச் சத்தத்தில் சண்டை போட வழியில்லாததால்தான் இவர்கள் குடும்பம் நன்றாக ஓடுகிறது என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

ஒவ்வொரு அடியும் குறட்டின் வழியாக அவன் கைக்குள் ஏறியது. முதலில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. பிறகு எறும்பும் நின்றுபோனது. டாக்டர் ஊசியால் ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்துவிட்டு, "செத்த நரம்பு செத்ததுதாங்க. ஹேமர விட்டுடுங்க, மிச்சமாவது தங்கும்" என்றார். அவன் விடவில்லை. வேறு என்ன தெரியும் அவனுக்கு?

மற்றதெல்லாம் போனால் போகட்டும் என்று இருந்துவிட்டான். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டாள், சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டான். மகள் விஷயம் ஒன்றுதான் அவனைத் தின்றது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தலையைத் தடவும்போது, தன் கை அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்று தெரியாத பயத்தில் அவளைத் தூக்குவதையே நிறுத்திவிட்டான். அவளும் கொஞ்ச நாள் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நீட்டுவதை விட்டுவிட்டாள்.

அவன் கையால் கொடுக்க முடியாததை வாயால் கொடுத்தான். பட்டறைப் பாடம்.

"கீழ கெடக்கறத எடுக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்?"

"புறங்கைய கிட்ட கொண்டு போகணும்."

"ஏன்?"

"கறுப்பா இருந்தாலும் சூடா இருக்கும். கண்ணு பொய் சொல்லும், கை சொல்லாது."

"சூடு தெரியலன்னா?"

"எடுக்கலாம்!" என்று கத்திவிட்டு ஓடிவிடுவாள்.

கத்தி சுட்ட கையின் கட்டைப் பிரித்த பிறகு ஒரு மத்தியானம், வேலை நடுவில் மின்சாரம் போயிற்று. மேல்கட்டை பாதி உயரத்தில் நின்றுவிட்டது. மனைவி அடுப்பு வேலையைப் பார்க்க வீட்டுக்குப் போனாள். வீடு பட்டறைக்குப் பின்னால்தான். அவன் அலுப்பில் கீழ்க்கட்டையின் மேல் உள்ளங்கையை ஊன்றி நின்றான். சத்தம் ஓய்ந்த பட்டறையில் உலைக்கரி மட்டும் எப்போதாவது படபடத்தது; ஓட்டுக் கூரையின் இடுக்கு வழியாக விழுந்த வெயிலில் புகை மெல்லச் சுருண்டு சுருண்டு மேலேறியது; சுட்ட எண்ணெயின் வாடை தொண்டையில் தங்கியது. மோட்டார் நின்றிருந்தது. பெல்ட் அசையவில்லை. ஆனாலும் கீழ்க்கட்டையில் ஒரு அடி விழுந்தது. மெதுவாக, கட்டைக்குக் கீழேயிருந்து. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தன் உள்ளங்கையை அவன் உள்ளங்கையோடு ஒட்டி வைத்ததுபோல.

பிறகு சுண்டு விரலில் ஏதோ குத்தியது.

இரும்பு உதிர்த்த செதிள். மணல் பருமன்கூட இருக்காது. அவன் அதை மறுபடி அழுத்திப் பார்த்தான். குத்தியது. அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அன்று சாயங்காலம் வாலுவைத் தூக்கினான். அவளுடைய தலைமுடியின் சிக்கு, காது மடலின் குளிர்ச்சி, விலாவுக்குள் இதயம் துள்ளுவது, எல்லாம் கைக்கு வந்தன. "விடுப்பா, கூசுது" என்று அவள் நெளிந்தாள். அவன் விடவில்லை. சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம்.

மனைவி அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கி மேஜையில் வைத்தாள். பால் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கையில் துணி இல்லை.

"துணி எங்க?" என்றான்.

"எதுக்கு?"

அவள் தன் கையையே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையும் சிவந்து உப்பிக்கொண்டிருந்தன. "சுடவே இல்லங்க. உங்க நோய் எனக்கும் ஒட்டிக்கிச்சு போல" என்று சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹேமரை அவனுக்கு விற்ற கிழவர் நினைவுக்கு வந்தார். விற்பனை முடிந்து கை குலுக்கியபோது, இவ்வளவு காலம் ஓட்டியும் கை மரத்துப் போகவில்லையா என்று கேட்டிருந்தான். "போச்சுங்க. திரும்பி வந்துடுச்சு" என்றார் அவர். பிறகு ஏன் விற்கிறீர்கள் என்றதற்கு, "வீட்டுல இனிமே யாரும் இல்லங்க" என்றார். வயதானவர், மனைவி மக்களைப் பறிகொடுத்தவர் என்று அன்றைக்குப் பாவப்பட்டான்.

அதற்குப் பிறகு அவன் கீழ்க்கட்டையில் கை வைக்கவில்லை. சத்தியமாக வைக்கவில்லை. ஆனால் ஹேமர் ஓட ஓட, வந்த உணர்வு ஓட்டைக் குடத்துத் தண்ணீர்போல ஒழுகிப் போய்க்கொண்டே இருந்தது. முதலில் வாலுவின் காது மடலின் குளிர்ச்சி கைக்குத் தெரியாமல் போயிற்று. பிறகு தலைமுடியின் சிக்கு. மனைவிக்குப் போனதோ திரும்பவே இல்லை. அவள் கையில் தினம் ஒரு புதுக் கொப்புளம் இருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டு பேரும் கரண்டியால் சாப்பிட்டார்கள்.

வாலுவைத் தூக்கியபோது ஒருநாள் அவள், "வலிக்குதுப்பா" என்றாள். இறக்கிவிட்டான். தோளில் அவன் விரல்கள் பதிந்திருந்தன.

அன்றிரவு தூங்காமல் கணக்குப் போட்டான். மனைவியிடம் எடுத்ததை எடுத்தாகிவிட்டது. இனி அவளிடம் போவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் இன்னொரு முறை கை வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? யாருக்கும் இல்லை. அந்த எண்ணம் அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று தன்னையே கடிந்துகொண்டான். வீட்டில் இருப்பது மூன்று பேர் என்பது அவன் தலையில் ஏறவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்தது. அன்றைய கத்திகளை மனைவி தரை மணலில் வரிசையாக ஆற வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வீட்டுப் பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அவன் மோட்டாரை அணைத்தான். கீழ்க்கட்டையில் உள்ளங்கையை வைத்தான்.

உடனே வந்தது. காத்திருந்ததுபோல வந்தது. அடி, அடி, அடி. விரல் நுனி, விரல், மணிக்கட்டு. இரும்பின் ஒவ்வொரு கீறலும் கைக்குத் தெரிந்தது. இந்த முறை புதுசாக ஏதோ. மெல்லிசாக. சின்னச் சின்னதாக. இன்னும் எதையும் அதிகம் தொட்டுப் பழகாத கையின் உணர்வு.

காலடிச் சத்தம். வாலு.

ஆறிக்கொண்டிருந்த கத்திகளின் முன் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எல்லாம் கறுப்பு. கடைசியாக அடித்ததும் கறுப்பு. அதன் கிட்டே புறங்கையைக் கொண்டு போனாள். சொன்ன பாடம் மறக்கவில்லையே என்று அவனுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். கையை இன்னும் கிட்டே கொண்டு போனாள்.

அவன் புறங்கையில் அனல் அடித்தது.

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தான். அவள் கத்தியை எடுத்தாள். அவன் உள்ளங்கை தீப்பிடித்தது. உயிர் போகிற வலி. வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. ஓட நினைத்தான். கீழ்க்கட்டை அவன் கையை விடவில்லை. அடியிலிருந்த அந்தக் கை அவன் விரல்களைக் கோத்துப் பிடித்திருந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"சூடே இல்லப்பா" என்றாள் வாலு.

கத்தியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சிரித்தாள். அவளுடைய விரல்களுக்கு இடையில் மெல்லிய புகை. பிறகு முகம் சுளித்தாள். மூக்கை உறிஞ்சினாள். மோட்டார் பக்கம் போய்ப் பெல்ட்டை முகர்ந்து பார்த்தாள்.

"என்னமோ கருகுதுப்பா" என்றாள்.

எங்கிருந்து வருகிறதென்று, கத்தியைக் கீழே போடாமலே, பட்டறை முழுக்கத் தேட ஆரம்பித்தாள்.