ஜெல்ஃபா வீட்டு இழவுப் பாட்டு

எல்லாரும் சௌக்கியமா? இந்தக் குளிருக்கு உடம்பைப் பார்த்துக்கிறீங்களா? கதவைச் சாத்திட்டு வந்து உட்காருங்க.

அமெரிக்காவில், கென்டக்கி மலையில் ஜெல்ஃபாவின் வீட்டில் அன்று, யாரும் வாய் திறக்காதபோதே அந்தப் பெட்டியின் முள் துடித்தது.

பாட்டுச் சேகரிக்க வந்த தார்ன்பரி காரிலிருந்து இறக்கிய ஒலிப்பதிவுப் பெட்டி அது. சத்தம் கேட்டால் முள் அசையும்; சுழலும் தட்டில் ஊசி குரலைக் கீறி வைக்கும்.

உள்ளறையில் மகள் லோட்டி காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தாள்.

"ஓடைத் தண்ணி வடியட்டும்மா. பாப்பாவை நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் அந்த இழவுப் பாட்டைப் பாடுங்களேன்," என்றார் தார்ன்பரி.

"பொணம் இல்லாத வீட்ல அதைப் பாடினா, பக்கத்து வீட்டுக்காரி பொணப்பெட்டி செய்யப் பலகை அனுப்பிடுவா சார்."

"பெட்டிதான் நானே கொண்டாந்திருக்கேனே!" அவர் சிரித்தார்.

மலையில் வேறு கார் கிடையாது. ஜெல்ஃபாவால் மறுக்க முடியவில்லை.

ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார். இழவுக்கு வந்த கூட்டம் அதை இழுத்துப் பாடித் திருப்பித் தரும். அதுதான் அங்கே வழக்கம். தனியாகப் பாடும்போதும் ஜெல்ஃபா பழக்கதோஷத்தில் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் கூட்டத்துக்கான இடத்தை விட்டுவிட்டாள். அந்த இடைவெளிகளில் கூரையில் மழை விழுந்தது, அடுப்பில் ஈர விறகு சீறியது, வீட்டுக்குப் பின்னால் மேட்டிலிருக்கும் கல்லறைகளின் பக்கமிருந்து புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசனை கதவிடுக்கு வழியே மெல்ல மெல்ல உள்ளே வந்தது.

மூன்று அடி பாடினாள். நான்காவதை எடுக்காமல் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"போதும் சார்."

தார்ன்பரி தட்டை மறுபடி ஓட்டினார். ஜெல்ஃபாவின் குரல் வந்தது. பிறகு இடைவெளி. அதில் மழை இல்லை, விறகு இல்லை. தூரத்தில், மேட்டிலிருந்து இறங்கி வருவதுபோல், பல குரல்கள் அடியை வாங்கிப் பாடின.

"வேற யாராவது பாடினாங்களா?" அவர் முகம் வெளுத்தது.

இரண்டாவது இடைவெளி. வாசலில் பாடின.

மூன்றாவது. மிக அருகில். எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு பிஞ்சுக் குரல்.

லோட்டி.

அவளுக்கு அந்தப் பாட்டே தெரியாது.

தார்ன்பரி ஊசியைத் தூக்கினார். தட்டு நின்றது.

பாட்டு நிற்கவில்லை.

உள்ளறையிலிருந்து வந்தது.

ஜெல்ஃபா ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். சட்டென்று நிசப்தம். மண் வாசனை. லோட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், கண்கள் மூடியபடி. வைக்கோல் மெத்தையின் விளிம்பு சுற்றிலும் அமுங்கியிருந்தது, ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்ததுபோல்.

"ம்மா," என்றாள் லோட்டி. "அடுத்த அடியைக் குடும்மா. எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

அவளுடைய இரண்டு கைகளும் பக்கத்துக்கொன்றாக அந்தரத்தில் நின்றன. தோலில், கண்ணுக்குத் தெரியாத விரல்கள் பதிந்த பள்ளங்கள். அவை மெல்ல இறுகிக்கொண்டிருந்தன.