ஓர் அடி இருட்டு

இருட்டு என்று ஒரு பொருள் இந்த உலகத்தில் கிடையாது. வெளிச்சம் போடச் சோம்பல்பட்ட ஆட்கள்தான் உண்டு. மனித குலம் இத்தனை ஆயிரம் வருடங்களாக ஒரு சோம்பலுக்குப் பயந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது என்பதை, மின்னணுவியல் கடைசி வருடத்தில் மூன்று பாடங்கள் அரியர் வைத்திருந்த அவன், யார் உதவியும் இல்லாமல் கண்டுபிடித்திருந்தான். நிரூபிக்க ஓர் அறை மட்டும் தேவைப்பட்டது. அக்கா வீட்டில் அது இருந்தது.

வீட்டின் நடுவில் ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம். வெளியே லாரிப் பட்டறை. விடிந்ததிலிருந்து தகரத்தைத் தட்டும் சத்தம் முன்னறைச் சுவரிலும், சமையலறைத் தட்டுகளிலும், குடிக்க எடுத்த தண்ணீரிலும் நடுங்கிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினால் மட்டும், யாரோ வாயைப் பொத்தியதுபோல அது நின்றுவிடும். ஆன்லைனில் பாடம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அக்கா ஒரு மேசையையும் நாற்காலியையும் உள்ளே போட்டிருந்தாள். வெளிச்சம் போட்டுத்தரத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தாள்.

அவன் டார்ச்சை அடித்துச் சுற்றிப் பார்த்தான். மூன்று மூலைகள், உதிர்ந்த சுண்ணாம்பும் ஒட்டடையுமாக ஒழுங்காகப் பதில் சொல்லின. கதவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த இடது மூலை சொல்லவில்லை. வெளிச்சம் அங்கே போனது தெரிந்தது. போய்ச் சேர்ந்தது தெரியவில்லை.

அந்த மூலைக்குக் குறுக்கே ஒரு மர அலமாரி சாய்வாக நின்றது. அதில் ஒரு சாமானும் இல்லை.

"இது எதுக்குக்கா குறுக்க?"

"அங்க கொஞ்சம் இருட்டா இருக்கட்டும்னு வச்சேன். நீ லைட்டு ஒட்டும்போதும் அந்த இடத்துல ஓர் அடி விட்டுடு."

"யாருக்கு?"

"அது பாட்டுக்கு அது இருக்கு, நம்ம பாட்டுக்கு நாம இருக்கோம். விடேன்டா."

"சாப்பாடும் போடுறியா, இல்ல தங்க மட்டும்தானா?"

"கிண்டல் பண்ணு, விஞ்ஞானி. அலமாரியை நேராத் தள்ளி வச்ச அன்னைக்கு நாள் முழுக்க எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. மறுபடி குறுக்க வச்சதும் சரியாப் போச்சு."

"அதுக்குப் பேரு ஜலதோஷம்."

"எனக்கு எப்போ ஜலதோஷம் வரும்னு ஒரு அலமாரிக்குத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பதில் இல்லாத கேள்விகளை அவன் வழக்கமாகச் செய்வதுபோல அதையும் அரியரில் வைத்தான்.

அக்காவுக்கு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்தார் ஆன்லைன் டீச்சர் வேலைக்குத் திரையில் தேர்வு வைத்திருந்தார்கள். முதலில் அனுப்பிய வீடியோவை, 'முகமே தெரியலையே மேடம்' என்று திருப்பியிருந்தார்கள். இந்த வேலை கிடைத்தால் அவள் வாடகை கொடுத்து இந்த வீட்டில் இருப்பாள். கிடைக்காவிட்டால், நாலு மாதத்துக்கு முன் ஒரே பையோடு இறங்கி வந்த புருஷன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவள் அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

விளக்குக் கடையில் நின்றபோது அவன் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் எல்.இ.டி. பட்டைகளைச் சுருள் சுருளாக எடுத்துப் போட்டு எரியவைத்துக் காட்டினார்.

"மஞ்சளா, வெள்ளையா, ரெண்டுக்கும் நடுவாவா?"

"இருட்டை எது நல்லா அடிக்கும்?"

"தம்பி, நாங்க லைட்டுதான் விக்கிறோம். அடியாள் விக்கல."

மஞ்சளில் முகம் காமாலை கண்டதுபோல இருந்தது. வெள்ளையில் பிணவறை. நடுவானதை எடுத்தான், மீட்டருக்கு அறுபது பல்பு போதும் என்று கடைக்காரர் சொன்னதால் நூற்றிருபது பல்பு உள்ளதை எடுத்தான். சுற்றளவு பன்னிரண்டு மீட்டர், ஐந்து மீட்டர்ச் சுருள் மூன்று, அதற்குத் தாங்கும் அளவில் ஒரு பவர் சப்ளை.

"நீளம் அதிகம். ரெண்டு முனையிலயும் கரண்டு குடுத்துடுங்க. இல்லன்னா கடைசியில மங்கும்" என்றார் கடைக்காரர். "வெட்டணும்னா கத்தரிக்கோல் குறி போட்டிருக்கும், ஆறு பல்புக்கு ஒண்ணு. அங்க மட்டும் வெட்டுங்க."

"வெட்டுற வேலையே இல்ல."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தான். கூரைக்கு ஒரு சாண் கீழே சுவரைத் துடைத்து, பட்டையின் முதுகுத் தாளை உரித்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டே ஸ்டூலை நகர்த்தினான். பசையின் இனிப்பு நெடியும், இணைப்புகளில் பற்றவைத்த ஈயத்தின் புகையும், வியர்வையும் கலந்து அந்தக் காற்றுப் புகாத அறை ஒரு சின்னத் தொழிற்சாலையைப்போல மணந்தது. அலமாரியை வெளியே இழுத்துப் போட்டான். அந்த இடது மூலைக்கு வந்தபோது மட்டும் அந்த வாசனைகள் எல்லாம் நின்று, யாரோ நெடுநேரம் தூங்கி எழுந்து இன்னும் வாய் கொப்பளிக்காததுபோல ஒரு வெதுவெதுப்பான வாடை அடித்தது. ஓதம் என்று முடிவுசெய்து, ஓர் அடிகூட விடாமல் ஒட்டினான்.

ஸ்விட்சைப் போட்டான்.

அறை பளீரென்று எழுந்தது. அந்த ஒரு மூலையைத் தவிர.

பட்டை கதவருகே தொடங்கிச் சுற்றிவந்து கதவருகே முடிந்தது. மங்கினால் முடிவில்தான் மங்க வேண்டும். முடிவில் ஜோராக எரிந்தது. நடுவழியில், அந்த மூலையில் மட்டும், பல்புகள் எரிந்தும் சுவர் தெரியவில்லை. புள்ளி புள்ளியாக வெளிச்சம், அதற்குக் கீழே தண்ணீர்போல இருட்டு.

இன்னொரு முனையிலும் கரண்டு கொடுத்தான். மாற்றமில்லை. மீட்டரை எடுத்து மூலையில் வைத்துப் பார்த்தான். இருபத்து நாலு வோல்ட். ஒரு புள்ளி குறையவில்லை.

"மீட்டர் பொய் சொல்லாது" என்று உரக்கச் சொன்னான். முதல் தடவையாக அவனுக்குத் தோன்றியது, தன் குரல் அந்த மூலைப் பக்கம் போய்த் திரும்பவில்லை என்று. மற்ற மூன்று பக்கமும் எதிரொலித்தது.

அந்த இடத்தில் ஒரு புத்திசாலி சாப்பிடப் போயிருப்பான். அவனுக்குக் கோபம் வந்தது. பயத்தை அவன் எப்போதும் கோபமாகத்தான் செலவழிப்பான். மிச்சம் மூன்று மீட்டர் கையில் இருந்தது. கூரையிலிருந்து தரை வரை, அந்த மூலையின் இடுக்கிலேயே, நேராக ஒட்டினான். கை மணிக்கட்டு வரை மறைந்து மறைந்து வந்தது. விரல்கள் ஈரமாயின. துடைத்துக்கொண்டான்.

"நீ யாரா வேணா இரு. இங்க எங்க அக்கா இருக்கப் போறா. உனக்கு இடம் இல்ல. கிளம்பு."

போட்டான்.

இருட்டு சுருங்கியது. ஆள் உயரம் இருந்தது குடம் அளவானது. குடம் தட்டானது, தட்டு நாணயமானது. அப்புறம் சுவர். வெறும் சுவர். சுண்ணாம்பில் ஒரு கீறல், ஒரு செத்த சிலந்தி.

அவன் சிரித்தான். நாலு பக்க வெளிச்சத்தில் அறையில் ஒரு நிழல் இல்லை. மேசைக்கு அடியில் இல்லை. நாற்காலிக்குப் பின்னால் இல்லை. அவன் காலடியில்கூட இல்லை.

இரண்டரை மணிக்கு அக்கா தலையைச் சீவி, இஸ்திரி போட்ட உடையில் வந்தாள். வாசலிலேயே நின்றாள். மூலையைப் பார்த்தாள்.

"எங்கடா போச்சு?"

"எங்கயும் போகல. இல்லாமப் போச்சு."

"இருந்தது எப்படிடா இல்லாமப் போகும்? வேற எங்கயாவது போயிருக்கும்."

"பாரு, மூலை முடுக்கு எல்லாம் பாரு. ஒளிய ஒரு இடம் காட்டு. லைட்டு படாத இடம் ஒண்ணே ஒண்ணு காட்டு, நான் என் பேரை மாத்திக்கிறேன்."

அக்கா அறை முழுக்கத் தேடிப் பார்த்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, பேசிப் பார்க்க வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

மைக்கைத் தட்டினாள். மறுபடி பேசினாள். உதடு அசைந்தது. அவன் மைக்கைப் பார்க்கவில்லை. திரையில் அவள் முகத்தைப் பார்த்தான். நெற்றி, கன்னம், மோவாய் எல்லாம் பளிச்சென்று இருந்தன. வாய் மட்டும் கறுப்பு.

பல் இல்லை. நாக்கு இல்லை. உதட்டோரம் வரை நிரம்பி நின்றது.

"அக்கா. ஆ காட்டு."

அவள் காட்டினாள். அவன் டார்ச்சை எடுத்தான். உள்ளே அடித்தான்.

வெளிச்சம் போனது. போய்ச் சேரவில்லை.

அந்த வாடை. வெதுவெதுப்பாக. அவன் முகத்தில்.

அக்கா அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். வாயை மூடினாள். கண்ணில் நீர் முட்டி நின்றது, வழிய விடவில்லை. காகிதத்தை இழுத்து எழுதினாள்: 'சொன்னேன்ல.' பிறகு அதற்குக் கீழே, பேனா தாளைக் கிழிக்கும்படி: 'இடத்தைக் குடு. நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக மாட்டேன்.'

மணி இரண்டு ஐம்பது.

அவன் ஸ்டூலை அந்த மூலையில் போட்டான். நேர்ப்பட்டையை மேலிருந்து கீழாக உரித்து எடுத்தான். சுவரைச் சுற்றிய பட்டையில் கத்தரிக்கோல் குறியைத் தேடி ஒரு வெட்டு. ஆறு குறி தள்ளி இன்னொரு வெட்டு. இரண்டு முனையிலும் கரண்டு இருந்ததால், வெட்டிய இடத்தின் இரு கரையிலும் வெளிச்சம் அப்படியே நின்றது. நடுவில் ஓர் அடி. வெளியே போய் அலமாரியைத் தூக்கிவந்து, அக்கா வைத்திருந்த அதே சாய்வில், சத்தம் வராமல் குறுக்கே வைத்தான்.

வெறும் நிழல்தான் விழுந்தது. சாதாரண நிழல்.

அவன் அக்காவைத் திரும்பிப் பார்க்காமல், குனிந்து, அந்த நிழலிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க இடம்தான். வாங்க."

பின்னால் அக்கா நீளமாக இருமினாள். அவன் கணுக்காலை எதுவோ ஈரமாக உரசிக்கொண்டு போனது.

மூன்று மணி. திரையில் நாலு பெரியவர்களும் ஏழு குழந்தைகளும்.

"வணக்கம் குழந்தைகளே. இன்னைக்குப் பின்னம் பார்க்கலாமா? ஒரு ரொட்டி இருக்கு. நாலு பேர் இருக்காங்க. என்ன பண்ணுவீங்க?"

மணிபோல இருந்தது அவள் குரல். அவனுக்கு அழுகை வந்தது. ஈயப்புகை என்று முடிவுசெய்தான். கேமராவில் படாமல் சுவரோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

பத்து நிமிடம் கழித்துக் குரல் கம்மியது. அக்கா தொண்டையைச் செருமினாள். கை மேசைக்கு அடியில் நீண்டு, இரண்டு விரலைக் கத்தரிபோல அசைத்தது.

அவன் எழுந்து, அடுத்த குறியில் வெட்டினான். ஆறு பல்பு அணைந்தது. குரல் தெளிந்தது.

ஐந்து நிமிடம். இன்னும் ஆறு.

மூன்று நிமிடம். இன்னும் ஆறு. இப்போது அவனாகவே எழுந்தான். விரல் கேட்கவில்லை. பிறகு ஆறு ஆறாக இல்லை, முழம் முழமாக வெட்டினான். வெட்டிய துண்டுகள் சட்டைப் பையில் நிரம்பின. இடது சுவர் போனது. பின்சுவர் போனது. இருட்டு அலமாரியைத் தாண்டி, தரையில் இறங்கி, நாற்காலியின் முதுகில் ஏறியது. அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. முகத்தில் மட்டும் வெளிச்சம். நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்தபடி, நாலில் மூன்றை விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அருமை" என்றது திரை. "முகம் எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு. அந்தப் பின்னணிகூட நல்லா இருக்கு மேடம், யாரோ பின்னாடி நின்னு தாங்குற மாதிரி. திங்கட்கிழமையில இருந்து வரலாம். தினம் ஆறு மணி நேரம் எடுக்கணும். முடியுமா?"

அக்காவின் தோளில் இருட்டு ஒரு கைப்பிடி அளவுக்குப் படிந்திருந்தது. அவள் தோளைக் குலுக்கவில்லை.

"முடியும்" என்றாள். கணீரென்று.

திரை அணைந்தது. அவன் மூலைப் பக்கம் திரும்பி, பணிவாகக் கேட்டான். போதுங்களா?

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அலமாரிக்குப் பின்னாலிருந்து, அவனுடைய குரலிலேயே, அவனுடைய கிண்டலோடு, பதில் வந்தது.

"சாப்பாடும் உண்டுல்ல?"

அவன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி, அடுத்த குறியைத் தேடினான்.